கூட்டு மருந்து வரை என்னைக் கொண்டுவந்து சேர்த்தவர்களுக்கு

வணக்கம். நான் குடியாத்தம் பக்கத்துக்காரி, எச்.ஐ.வி.யோடு வாழ்பவள். கூட்டு மருந்து (எச்.ஐ.வி.யைக் கட்டுக்குள் வைக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரைகள்) தொடங்கி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பெயர் போடவில்லை. நன்றி சொல்ல வேண்டியவர்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். மீதிப் பேருக்குத் தெரியவே தெரியாது. அவர்களுக்குத்தான் முதல் நன்றி.

1986 தொடக்கம். இந்தியாவுக்கு எய்ட்ஸ் வராது என்று பலரும் நம்பிக்கொண்டிருந்த நேரம். சென்னை மருத்துவக் கல்லூரியில் மேற்படிப்பு படித்த டாக்டர் நிர்மலா, பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமன் சொன்னபடி, பாலியல் தொழிலில் பிடிபட்டுக் காப்பகத்தில் இருந்த பெண்களிடம் ரத்தம் எடுத்தார். கையில் உறை கூடக் கிடையாது. ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த சீரம் என்ற நீரைத் தன் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்து, ஐஸ் பெட்டியோடு ராத்திரி ரயில் ஏறி, காட்பாடியில் இறங்கினார். எலிசா என்ற எச்.ஐ.வி. சோதனை எங்கள் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில், டாக்டர் ஜேக்கப் ஜானின் வைராலஜி (வைரஸ் ஆராய்ச்சி) துறையில் நடந்தது. சோதனைத் தட்டின் ஆறு குழிகளில் நிறம் மஞ்சளாக மாறியது. பாசிட்டிவ் என்று அர்த்தம். அமெரிக்காவில் மறுபடி சோதித்து உறுதியான பிறகு, தமிழக சுகாதார அமைச்சர் ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார்.

டாக்டர்களுக்கு நன்றி. ஆனால் எதற்காக ரத்தம் எடுக்கிறார்கள் என்று முழுசாகத் தெரியாமலேயே கையை நீட்டிய அந்தப் பெண்களுக்கு யார் நன்றி சொன்னார்கள்? பாசிட்டிவ் என்று தெரிந்த பெண்களை விடுதலை செய்யாமல் காப்பகத்திலேயே பூட்டி வைத்த காலமும் இருந்தது. பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் உயர் நீதிமன்றம் போய் வழக்காடிய பிறகுதான் கதவு திறந்தது. அக்காமார்களே, உங்கள் ரத்தத்தில்தான் இந்த நாட்டு எய்ட்ஸ் கொள்கையே தொடங்குகிறது. உங்களைக் கும்பிடுகிறேன்.

1989-ல் மாநிலங்களவைக்கு எய்ட்ஸ் தடுப்பு மசோதா ஒன்று வந்தது. கட்டாயப் பரிசோதனை, தனிமைப்படுத்தல் எல்லாம் அதில் இருந்தது. அது சட்டமாகியிருந்தால் என் மாதிரி ஆட்களின் கதி என்ன? எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களால் 1992-ல் அதைத் திரும்பப் பெற்றார்கள். அதே வருஷம் நாக்கோ (தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு) வந்தது. 1994-ல் நம் மாநிலத்துக்கென்று தனி எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் வந்தது, நாட்டிலேயே முதலாவதாக.

2003-ல் எனக்குப் பிரசவம். ரிப்போர்ட்டைப் பார்த்ததும் ஓரிடத்தில் கட்டில் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். இன்னொரு அரசு மருத்துவமனையில் ஒரு நர்சம்மா, "வாம்மா, இப்படிப் படு" என்று தோளைப் பிடித்தார். குழந்தைக்குத் தொற்றாமல் இருக்க, வலி எடுத்ததும் எனக்கு ஒரு நெவிரபின் மாத்திரை, பிறந்த குழந்தைக்கு அதே மருந்து சில சொட்டு சிரப்பாக. வேலை அவ்வளவுதான். பதினெட்டாம் மாதம் மகளுக்கு நெகட்டிவ் என்று வந்தது. அந்த நர்சம்மா அன்று சிரப்பைப் புகட்டியபோது மகளின் உதட்டோரம் வழிந்ததைப் புறங்கையால் துடைத்தார். சொந்தக்காரர்களே தொடப் பயந்த பிள்ளையை!

என் வீட்டுக்காரருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மாதம் ஆயிரக்கணக்கில் மருந்து வாங்க வழியில்லாமல் போய்ச் சேர்ந்தார். சில மாதம் கழித்து, 2004 ஏப்ரல் 1 முதல், அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியது. அப்போது சி.டி.4 (ரத்தத்தில் நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை) 200-க்குக் கீழே இறங்கினால்தான் மருந்து. எனக்கு இறங்கியிருந்தது. தாம்பரம் நெஞ்சக மருத்துவமனைக்கு மாதாமாதம் ரயிலில் போய் வந்தேன். முதலில் கொடுத்த மாத்திரையில் பாதம் எரியும், தூக்கம் வராது. அந்த நாட்களில் பிள்ளையைப் பார்த்துக்கொண்ட என் அத்தைக்கு (வீட்டுக்காரரின் அம்மா) என்ன சொல்லித் தீர்ப்பேன்! மகன் போனதற்கு என்னை ஒரு சொல் பழிக்கவில்லை. எனக்குத் தனித் தட்டும் வைக்கவில்லை.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் மருந்து வாங்கும் நாளில் காரணம் கேட்காமல் லீவு கொடுத்த சூப்பர்வைசர் அண்ணனுக்கு, எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தில் என்னை அழவிட்டுப் பொறுமையாக உட்கார்ந்திருந்த ஆலோசகர் அக்காவுக்கு, மாத்திரையை எண்ணிக் கொடுக்கும்போதே சாப்பிட்டாயா என்று கேட்கும் பார்மசி தம்பிக்கு நன்றி.

2017-ல் வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. எச்.ஐ.வி. என்பதற்காகச் சிகிச்சை மறுக்கக் கூடாது, வேலையை விட்டு நிறுத்தக் கூடாது, நம் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்கிறது. அதை எழுத வைத்த வழக்கறிஞர்களுக்கும், டெல்லி வரை போய்க் கத்திய பாசிட்டிவ் தோழர்களுக்கும் நன்றி. இப்போது சி.டி.4 எவ்வளவு என்று காத்திருக்காமல் தெரிந்தவுடன் மருந்து தருகிறார்கள். எனக்கு ராத்திரி ஒரே மாத்திரை. இதைப் படிக்கும் யாருக்காவது சந்தேகம் இருந்தால் எய்ட்ஸ் உதவி எண் 1097-க்கு போன் போடுங்கள், காசு கிடையாது.