பெயரை எழுதிக்கொள்ளும் முன்பே சொல்லிவிடுங்கள்

மஜ்ஜைக் கொடையாளர் பதிவகத்தின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். என் அக்காவின் கோப்பு உங்களிடம் இருக்கிறது. நோயின் கதையை மறுபடி எழுதப் போவதில்லை. அவளுடைய மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது நீங்கள் அனுப்பிய ஒரு வரியைப் பற்றியதுதான் இந்த மடல்: "கொடையாளர் விலகிக்கொண்டார்." காரணம் கேட்டோம். முதுகுத்தண்டில் ஊசி ஏற்றினால் கால் விளங்காமல் போய்விடும் என்று அவர் வீட்டில் பயப்படுகிறார்களாம்.

அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. எந்தக் கட்டத்திலும் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. ஆனால் தண்டுவடம் வேறு, மஜ்ஜை வேறு என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் நாள் எப்படிக் குறித்தீர்கள்? தண்டுவடம் நரம்பு. மஜ்ஜை, எலும்புக்குள் இருக்கும் குழைவான திசு. மயக்கம் கொடுத்து, இடுப்பெலும்பின் பின்பக்கத்திலிருந்து அதை உறிஞ்சி எடுக்கிறார்கள். சில நாள் இடுப்பு வலிக்கும். எடுத்த அளவு சில வாரங்களில் தானே ஊறிவிடும். இவ்வளவுதானே? பெயரை எழுதிக்கொள்ளும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்.

நல்ல உடம்பில் மஜ்ஜை நொடிக்கு ஏறக்குறைய 20 லட்சம் சிவப்பணுக்களை உண்டாக்குகிறது. அக்காவின் மஜ்ஜையிலிருந்து எடுத்த துணுக்கை நுண்ணோக்கியில் பார்த்த மருத்துவர், "அணுக்கள் இருக்க வேண்டிய இடத்தில் கொழுப்புத்தான் தெரிகிறது" என்றார். சிவப்பணு 120 நாள் தாங்கும். இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுவுக்கு ஆயுள் பத்து நாள்கூட இல்லை. ஏற்றிய தட்டணுவோ அதைவிடச் சீக்கிரம் தீர்ந்துபோகிறது. ஆகவே எங்கள் வீட்டில் கிழமை கணக்கில்லை, தட்டணுக் கணக்குத்தான். ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது ஒன்பதாயிரத்துக்கு இறங்கும்போது முழங்காலுக்குக் கீழே ஊசிமுனை அளவில் சிவப்புப் புள்ளிகள் முளைக்கும். அக்கா புடவையைச் சற்றுத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நாளைக்குப் போக வேண்டும்" என்பாள். பல் துலக்கும் பிரஷ்ஷை விட்டு மாதங்கள் ஆகின்றன. ஈறில் இரத்தம் கசிந்தால் நிற்காது. இரத்த வங்கியில் அந்த மஞ்சள் பைகளை ஒரு தட்டு ஓயாமல் ஆட்டிக்கொண்டே இருக்கும். எங்களுக்குரிய பை வரும்வரை நான் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.

உடன்பிறந்தவர் என்றாலும் திசு வகை முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புத்தான். நான் பொருந்தவில்லை. அதனால்தான் உங்களிடம் வந்தோம்.

புது மஜ்ஜை ஏற்றும் முன் அக்காவின் மஜ்ஜையை அழிக்கும் மருந்தை அப்போது தொடங்கியிருக்கவில்லை என்பது அவளுடைய நல்லகாலம். தொடங்கிய பிறகு அந்த ஒரு வரி வந்திருந்தால்? உள்ளது போய்விட்டது, வர வேண்டியது வரவில்லை என்று நடுவில் நின்றிருப்பாள். உங்கள் கோப்பில் அதற்கும் ஒரு வரி போதுமாயிருக்கும்.

முகாம்களில் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவி, சான்றிதழ் கையில் கொடுத்து, புகைப்படமும் எடுத்து அனுப்பிவிடுகிறீர்கள். எல்லாம் சுறுசுறுப்பாகத்தான் நடக்கிறது. பட்டியலில் எத்தனை பேர் என்று பெருமையாகச் சொல்கிறீர்கள். அழைத்தால் வருகிறவர்கள் எத்தனை பேர் என்றும் ஒருமுறை சொல்லுங்களேன். உங்களை மட்டும் குறை சொல்வானேன்? மஜ்ஜையில்தான் இரத்தம் உண்டாகிறது என்று நாய்மன் என்ற ஜெர்மானியர் 1868-லேயே எழுதிவிட்டார். பள்ளியில் அது நமக்கு ஒரு மதிப்பெண் கேள்வி. தேர்வு முடிந்ததும் இடுப்பெலும்பும் முதுகுத்தண்டும் ஒன்றாகிவிட்டன.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொருந்துகிற இன்னொருவரை அடுத்த வாரம் அழைக்கப் போவதாகச் சொன்னீர்கள். தயவுசெய்து அவருடைய வீட்டாரையும் கூட உட்காரவைத்து, ஊசி எங்கே இறங்கும், எத்தனை நாள் வலிக்கும் என்பதைப் படம் போட்டுக் காட்டுங்கள். அதைக் கேட்டபின் அவர் வேண்டாம் என்றால் அன்றைக்கே எங்களுக்குச் சொல்லிவிடுங்கள். நாள் குறித்த பிறகு வேண்டாம்.

இப்படிக்கு,
கோப்பில் 'உடன் வருபவர்' என்று குறித்திருக்கும் தம்பி