ஜீப் தயாரிக்கும் நிறுவனங்களின் பொறியாளர்களுக்கு, நத்தம் ரோட்டிலிருந்து ஒரு மடல்

மதிப்பிற்குரிய பொறியாளர்களுக்கு,

வணக்கம். நான் மதுரைக்காரன். நத்தத்துக்கு அந்தப் பக்கம் எங்களுக்கு ஒரு மாந்தோப்பு இருக்கிறது. வாரத்துக்கு மூன்று நாளாவது 4 வீல் டிரைவ் ஜீப்பில் போய்வருகிறேன். அந்த ஒரே பயணத்தில் ஷாக் அப்சார்பருக்கு இரண்டு பரீட்சை நடக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதல் பரீட்சை, 2023-ல் திறந்த நத்தம் ரோட்டுப் பறக்கும் பாலம். 7.3 கிலோமீட்டர், வழுவழுப்பான ரோடு. ஆனால் பாலத்தின் இணைப்புகளைத் தாண்டும்போதெல்லாம் ஒரு சின்னத் தட்டு. ஷாக் இளகிக்கொடுத்தால் அது தெரியாது. விறைப்பாக இருந்தால் முதுகில் தெரியும். இரண்டாவது, தார் ரோட்டை விட்டு இறங்கியதும் வரும் 8 கிலோமீட்டர் மண்வழி. சரளை, மழைநீர் அறுத்த பள்ளம், அங்கங்கே உருண்டைக் கல். சீசனில் கல்லாமை, செந்தூரம் மாங்காய்களை ஏற்றிக்கொண்டு அதே வழியில் திரும்ப வேண்டும்.

உங்கள் ஷாக் பாலத்தில் நன்றாகத் தேறுகிறது. மண்வழியில் முதல் இரண்டு கிலோமீட்டரும் தேறுகிறது. அப்புறம்தான் வண்டி தூக்கிப் போட ஆரம்பிக்கிறது.

காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். இதைப் படிக்கிற மற்ற வண்டிக்காரர்களுக்காகச் சொல்கிறேன். வண்டியின் துள்ளலைச் சூடாக மாற்றுவதுதான் ஷாக்கின் வேலை. பிஸ்டன் மேலும் கீழும் ஓட, ஆயில் சின்னத் துவாரங்கள் வழியே பிதுங்கிச் சூடாகிறது. கம்பெனியில் பெரும்பாலும் போட்டு வருவது இரட்டைக் குழாய் ஷாக். அதில் ஆயிலுக்கும் வாயுவுக்கும் நடுவே தடுப்பு கிடையாது. ஓயாமல் குலுங்கினால் ஆயில் நுரைத்துவிடும். நுரைத்த ஆயிலால் துள்ளலைப் பிடித்து நிறுத்த முடியாது. ஒற்றைக் குழாய் ஷாக்கில் மிதக்கும் பிஸ்டன் ஒன்று நைட்ரஜனைத் தனியாகப் பிரித்து வைத்திருக்கும். ஆயில் இருக்கிற குழாயின் மேலேயே காற்று படுவதால் சூடும் சீக்கிரம் இறங்கும். அதற்காக இரட்டைக் குழாய் மட்டம் என்று நான் சொல்லமாட்டேன். கல் தெறித்து வெளிக்குழாய் லேசாக நசுங்கினாலும் அது ஓடும். ஒற்றைக் குழாயில் பிஸ்டன் ஓடுவதே அந்த வெளிச்சுவருக்குள்தான். ஆழமாக ஒரு நசுங்கல் விழுந்தால் ஷாக் போச்சு.

30,000 கிலோமீட்டரில் என் வண்டியின் பின் ஷாக் ஒன்று ஆயில் ஒழுக ஆரம்பித்தது. சர்வீஸில் அதே ஷாக்கை மாற்றிக் கொடுத்தார்கள். ஒரு சீசன் முடிவதற்குள் மறுபடி ஒழுகியது. பொறுமை போய், வெளிமார்க்கெட்டில் 2 இஞ்ச் தூக்குகிற கிட் வாங்கிப் போட்டேன். பெரிய தப்பு. வண்டியின் உயரத்தை ஏற்றுவது ஸ்பிரிங், ஷாக் அல்ல. கடைக்காரர் கொடுத்த ஸ்பிரிங்கோ, இரும்பு பம்பரும், மாட்டிக்கொண்ட வண்டியை இழுக்கிற வின்ச்சும் சுமக்கிற வண்டிக்கானது. என்னிடம் அவை இரண்டுமே கிடையாது. காலி வண்டி கட்டை வண்டி மாதிரி ஓடியது. முன்பக்கம் இரண்டு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்குகிற இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன் என்பதால், உயரம் ஏறியதும் சக்கரத்தைச் சுழற்றுகிற டிரைவ் ஷாஃப்டின் கோணம் அதிகமாகிவிட்டது. பள்ளத்தில் சக்கரம் கீழே இறங்குகிற தூரமும் குறைந்துவிட்டது. எட்டு மாதத்தில் ஷாஃப்டின் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் முழுக்கத் தெறித்துக் கிடந்தது. வாரண்டி கேட்டுப் போனேன், வெளி கிட் போட்டதால் கிடையாது என்றார்கள். அதில் தப்பு சொல்ல எனக்கு வாயில்லை.

கடைசியில் பட்டறை வைத்திருக்கிற ஒரு அண்ணன்தான் வழி சொன்னார். "உயரத்துல கை வைக்காதப்பா. கம்பெனி ஸ்பிரிங்கே இருக்கட்டும். அதே நீளத்துல ஒத்தக் குழாய் ஷாக் மட்டும் போடு." போட்டு இரண்டு மாங்காய் சீசன் ஓட்டிவிட்டேன். பாலத்தில் முன்பைவிடக் கொஞ்சம் தட்டுகிறது, உண்மைதான். மண்வழியில் எட்டாவது கிலோமீட்டரும் முதல் கிலோமீட்டர் மாதிரியே இருக்கிறது.

என் கேள்வி இதுதான். இந்த ஷாக்கை நீங்களே ஏன் கொடுக்கக் கூடாது?

உங்கள் தொழிலில் இது புதிதல்ல. அமெரிக்காவில் ஃபோர்டு ராப்டர் 2010 மாடலிலேயே ஃபாக்ஸ் கம்பெனியின் ஷாக்கோடு தொழிற்சாலையை விட்டு வந்தது. செவ்ரோலே கொலராடோ இசட்ஆர்2 2017-ல் மல்டிமாட்டிக் கம்பெனியின் ஷாக்கோடு வந்தது. அங்கே ஷாக் தயாரிப்பவரும் வண்டி தயாரிப்பவரும் சேர்ந்து உட்கார்ந்து ஸ்பிரிங், உயரம், ஷாஃப்டின் கோணம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கணக்குப் போடுகிறார்கள். இங்கேயும் மஹிந்திராவின் ஸ்கார்பியோ-என் 2022-லும், தார் ராக்ஸ் 2024-லும் அதிர்வின் வேகத்துக்கு ஏற்ப இறுக்கம் மாறுகிற ஷாக்கோடுதான் வந்தன. உங்களால் முடியும் என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

சட்டத்தையும் யோசியுங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடம் கொடுக்கிறது. கம்பெனி வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று அதே வருடம் ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. ஒழுகிய ஷாக்குக்குப் பதிலாக நல்ல ஷாக் போடுகிறவர், எது பழுதுபார்ப்பு, எது மாற்றம் என்று செக்போஸ்டில் நின்று வாதாட முடியுமா?

அதே உயரம், அதே ஸ்பிரிங், சூடு தாங்குகிற ஷாக் நான்கு. ஷோரூமிலேயே பொருத்தி, வாரண்டியோடு, விலை போட்டு வையுங்கள். கல் அடிக்காமல் இருக்கக் கீழே ஒரு தகடும் வேண்டும். எத்தனை கிலோ சுமைக்குக் கணக்குப் போட்டீர்கள் என்று கையேட்டில் ஒரு வரி எழுதுங்கள். வெளிமார்க்கெட்டில் நான் கொடுத்த பணத்தை உங்களிடமே கொடுத்திருப்பேன்.

சோதனை வண்டியை மே மாதம் எங்கள் பக்கம் அனுப்புங்கள். காலி வண்டியாக வேண்டாம். இருபது பெட்டி மாங்காய் நான் ஏற்றித் தருகிறேன், தோப்பிலிருந்து தார் ரோடு வரை உங்கள் ஆளே ஓட்டிப் பார்க்கட்டும்.

அன்புடன்,
நத்தம் ரோட்டில் அடிக்கடி உங்கள் வண்டிகளைப் பார்க்கிற ஒரு தோப்புக்காரன்