பெட் கிரைண்டிங் கொடுத்தால் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய லேத் (இரும்பைச் சுழலவிட்டுக் கடையும் இயந்திரம்) வாங்கிப் புதுப்பித்துத் தொழில் தொடங்குவது பற்றி உங்கள் சிறுதொழில் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல யோசனைதான், புது மெஷின் விற்கிற விலையில் எல்லோராலும் வாங்க முடியுமா என்ன. ஆனால் பெட்டை, அதாவது எல்லாப் பாகங்களும் உட்காரும் நீளமான வார்ப்பிரும்பு அடித்தளத்தை, கிரைண்டிங் கொடுத்து (கல்லால் தேய்த்துச் சமமாக்கி), பேரிங் மாற்றி, பெயின்ட் அடித்தால் வேலை முடிந்தது என்கிற மாதிரி எழுதியிருந்தது. லெவல் பார்ப்பதை, அதாவது குமிழி ஓடும் மட்டக்கருவியைப் பெட் மேல் வைத்துச் சோதிப்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. புதுப்பித்த லேத்தைக் கொண்டுவந்து ஓட்டிப் பார்த்துவிட்டு, கடைந்த ஜாப் ஒரு முனை பெருத்து மறுமுனை சிறுத்து டேப்பர் வருகிறதே என்று தலையில் கைவைத்து உட்காருகிறவர்களைக் கோவையில் எங்கள் கணபதி பக்கம் நிறையப் பார்க்கலாம்.

லெவல் என்றதும் மெஷின் தரைக்கு மட்டமாக நிற்க வேண்டும், அவ்வளவுதான் என்று நினைக்கிறார்கள். கப்பலுக்குள்ளேயும்தான் லேத் ஓடுகிறது, அங்கே எது மட்டம்? பெட் முறுக்கிக்கொள்ளாமல் இருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் லெவல். இவ்வளவு கனமான வார்ப்பிரும்பு எப்படி முறுக்கும் என்று கேட்பார்கள். கோடியில் ஒரு கால் போல்ட்டை மட்டும் இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், குமிழி நகர்வது கண்ணுக்கே தெரியும். சென்டர் உயரம் (பெட்டிலிருந்து ஜாப் சுழலும் மையம் வரை) 200 மி.மீ. உள்ள லேத்தில், ஜாப்பைச் சுழற்றும் ஹெட்ஸ்டாக் பக்கத்தைவிட, மறுகோடியில் அதைத் தாங்கிப் பிடிக்கும் டெயில்ஸ்டாக் பக்கம் பெட் குறுக்குவாட்டில் மீட்டருக்கு 0.1 மி.மீ. கணக்கில் சாய்ந்திருந்தால், டூல் முனை 0.02 மி.மீ. தள்ளிப்போகும், விட்டத்தில் அது 0.04 ஆகிவிடும். பேரிங் உட்காரும் ஷாஃப்ட் ரிஜெக்ட் ஆக இது போதும்.

கொத்தனாரின் ரசமட்டம் இதற்கு ஆகாது. மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டுகிற லெவல் வேண்டும். கைச்சூடு பட்டாலே அதன் குமிழி ஓடும், அதனால் வைத்துவிட்டுச் சற்றுப் பொறுத்துத்தான் படிக்க வேண்டும், அப்புறம் அதே இடத்தில் முனை மாற்றித் திருப்பி வைத்து இன்னொரு முறை படித்தால் லெவலிலேயே பிழை இருந்தால் தெரிந்துவிடும்.

புதுப்பிக்கும் வேலையில் பெரும்பாலான கோளாறு கிரைண்டிங் மேஜையிலேயே தொடங்குகிறது. முறுக்கி இருக்கிற பெட்டை அப்படியே கிளாம்ப் போட்டு இழுத்து இறுக்கி, கல்லை ஓட்டிவிடுகிறார்கள். மேஜையில் இருக்கும்வரை நேராகத்தான் இருக்கும். கிளாம்ப்பைக் கழற்றியதும் பெட் தன் பழைய நிலைக்குத் திரும்பிவிடும், கொடுத்த காசு போயிற்று. முதலில் பெட்டை எந்த இழுப்பும் இல்லாமல் உட்காரவிட்டு, இடைவெளி இருக்கும் இடத்தில் தகடு வைத்து, லெவல் பார்த்து, அதற்குப் பிறகுதான் கிளாம்ப்பில் கைவைக்க வேண்டும். ஸ்க்ரேப்பிங் (கையால் சுரண்டிச் சமமாக்குவது) செய்வதானாலும் இதே கதைதான். இன்னொன்று, லெவலை, டூலைத் தாங்கிக்கொண்டு பெட் மேல் ஓடும் சேடில் மேல் வைத்து நகர்த்திப் பார்ப்பது நல்ல நிலையில் இருக்கும் லேத்துக்குச் சரி. தேய்ந்த பெட்டில், ஜாப்பைக் கவ்விப் பிடிக்கும் சக் பக்கத்தில் சேடிலே பள்ளத்தில் இறங்கும், அங்கே குமிழி சொல்வதை நம்ப முடியாது. டெயில்ஸ்டாக் ஓடும் பாதையில், அதுவும் கடைசிக் கோடியில், தேய்மானம் குறைவாக இருக்கும், அதை ஆதாரமாக வைத்து அளப்பார்கள் விவரம் தெரிந்த ஃபிட்டர்கள்.

சரி, புதுப்பித்தவர் ஒழுங்காகவே செய்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். லாரியில் ஏறி உங்கள் ஷெட்டில் இறங்கியதும் எல்லாவற்றையும் திரும்பப் பார்த்தே ஆக வேண்டும். எங்கள் ஊரில் பல இடங்களில் கரிசல் மண், மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும், மேலே போட்ட காங்கிரீட்டும் அதோடு சேர்ந்து ஆடும், அதனால் மழைக்காலம் முடிந்ததும் ஒருதரம் பார்ப்பது நல்லது. கடைசித் தீர்ப்பை லெவலிடம் விடாதீர்கள். கனமான ஒரு ராடைச் சக்கில் பிடித்து, டெயில்ஸ்டாக் சப்போர்ட் கொடுக்காமல், இரண்டு இடத்தில் மெல்லிய கட் ஓட்டி மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். ஹெட்ஸ்டாக் நேராக இருக்கிற பட்சத்தில், ராடின் வெளிமுனை பெருத்திருந்தால் டெயில்ஸ்டாக் பக்கத்தில் டர்னர் நிற்கிற பக்கத்துக் காலைத் துளி உயர்த்த வேண்டும், சிறுத்திருந்தால் இறக்க வேண்டும்.

மெஷின்களை எப்படிச் சோதித்து வாங்க வேண்டும் என்று ஜெர்மனியில் பேராசிரியர் ஷ்லெசிங்கர் 1927-லேயே அட்டவணை போட்டுக் கொடுத்துவிட்டார், இன்று லேத்தைச் சோதிக்கவென்றே ஐ.எஸ்.ஓ. 1708 என்ற சர்வதேசத் தரநிலை இருக்கிறது. அப்படியும் இங்கே லட்சக்கணக்கில் பணம் கொடுத்துவிட்டு, பெயின்ட் பளபளப்பைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்கிறோம். அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது வாங்குகிறவர்களுக்கு ஒன்றை மட்டும் சொல்லுங்கள்: சோதித்த அளவுகளை எழுதிய டெஸ்ட் சார்ட்டைக் கேட்டு வாங்கட்டும், அதில் இருக்கும் அளவு தங்கள் ஷெட்டில் போல்ட் இறுக்கிய பிறகு, தங்கள் கண்முன்னே எடுத்ததாக இருக்கட்டும், அதுவரை பாக்கிப் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு வாசகர்,
கணபதி, கோவை