ஒரு சோபாவுக்கும் அதன் சொந்தக்காரர்களுக்கும்

எல்லோருக்கும் வணக்கம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டேன். என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும், பாதிப் பேர் நேரிலேயே வந்து பார்த்தீர்கள், அதனால் அந்தக் கதையை மறுபடி ஓட்டப்போவதில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே முதுகு கெஞ்சுகிறது. ஆனாலும் இதை இப்போதே எழுதாவிட்டால், உடம்பு தேறியபின் மரியாதையாக நாலு வரி எழுதி முடித்துவிடுவேனோ என்று பயம்.

ரத்தம் கொடுத்தவர்கள், இன்சூரன்ஸ் பேப்பர்களைத் தூக்கிக்கொண்டு கவுன்டர் கவுன்டராக அலைந்தவர்கள், என் ஷிஃப்டையும் சேர்த்துப் பார்த்த ஆபீஸ் நண்பர்கள், ஊசி போட நரம்பு கிடைக்காதபோது என்னைவிட அதிகமாக வருத்தப்பட்ட அந்த நர்ஸ், பணம் அனுப்பிவிட்டுப் பெயர் சொல்லாமல் போனவர்கள் எல்லோருக்கும் சேர்த்துப் பெரிய கும்பிடு. "அப்படி என்னத்தச் சாப்பிட்ட?" என்று கேட்காமல் இருந்தவர்களுக்குத் தனியாக இன்னொன்று. எண்ணிக்கையில் நீங்கள் ரொம்பக் குறைவு.

மிச்ச இடம் முழுக்க ஒரு அண்ணனுக்கும் அண்ணிக்கும். பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். நண்பனின் நண்பர் அவர், ஒரு கல்யாணத்தில் பார்த்துச் சிரித்துக்கொண்டதோடு சரி. டிஸ்சார்ஜுக்குப் பிறகு கொஞ்ச நாள் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்கச் சொன்னார்கள் என்பது எப்படியோ காதுக்குப் போய், "ஹால்ல சோபா இருக்கு, வந்துடுங்க" என்று போன் செய்தார். அவ்வளவுதான் பேச்சு.

நான் போனபோது சோபா டிவிக்கு எதிரே இல்லை. ஹாலின் அந்தக் கோடியில், பாத்ரூம் கதவிலிருந்து இரண்டு எட்டில் இருந்தது. தரையில் அதை இழுத்த கோடு புதிதாகத் தெரிந்தது. என்னைப் போல க்ரோன்ஸ் நோய் (குடலில் அழற்சி வந்து விடாமல் படுத்தும் நோய்) உள்ளவர்களைக் கேளுங்கள், அந்த இரண்டு எட்டின் அருமை தெரியும். வெளியே எங்கே போனாலும் நாங்கள் முதலில் தேடுவது வாசலை அல்ல, கழிப்பறையை. அன்று ராத்திரிதான் இன்னொன்று புரிந்தது. அந்த வீட்டில் எல்லாக் கதவும் கிறீச்சிடும், இது மட்டும் சத்தமே போடவில்லை. கீலில் புது எண்ணெய் வழிந்து நின்றது. நான் எத்தனை தடவை எழுந்து போகிறேன் என்பது மற்றவர்கள் காதில் விழ வேண்டாம் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். யார் என்று கேட்டேன், இரண்டு பேருமே பேச்சை மாற்றினார்கள். நான் இருந்தவரை அவர்கள் சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்கார்ந்து, கழுத்தைத் திருப்பிக்கொண்டுதான் சீரியல் பார்த்தார்கள்.

அந்தச் சோபாவில் படுத்தபடி நான் அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர் டான் ஓபானனைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவரைப் பற்றி நான் எழுதிக்கொண்டிருந்த தொடர் பாதியில் நிற்பது உங்களுக்குத் தெரியும். அவருக்கும் இதே நோய்தான். 1946இல் செயின்ட் லூயிஸில் பிறந்து, திரைப்படக் கல்லூரித் தோழர் ஜான் கார்பெண்டரோடு சேர்ந்து 'டார்க் ஸ்டார்' எடுத்து, அதில் எழுதி, நடித்து, எடிட்டிங்கும் செய்து, கடற்கரைப் பந்துக்குக் காலை ஒட்டி வேற்றுக்கிரகப் பிராணி என்று காட்டியவர். பிறகு இயக்குநர் ஹொடரோவ்ஸ்கி எடுக்க நினைத்த 'டூன்' படத்துக்காகப் பாரிஸ் போனார். படம் தொடங்கும் முன்பே கவிழ்ந்தது. கையில் காசில்லை, திரும்பி வந்தால் தங்க வீடில்லை, வயிறு வேறு படுத்தியது. ரொனால்ட் ஷூசெட் என்ற நண்பர் தன் வீட்டு சோபாவைக் கொடுத்தார். 'ஏலியன்' என்ற விண்வெளித் திகில் படம் உருவானது அங்கேதான்.

1979இல் வந்த அந்தப் படத்தைப் பற்றிப் பேசும்போது நாம் இயக்குநர் ரிட்லி ஸ்காட்டைச் சொல்வோம், அதில் வரும் வேற்றுக்கிரகப் பிராணியின் உருவத்தை வரைந்த கீகரைச் சொல்வோம் (பாரிஸில் அறிமுகமான கீகரின் ஓவியங்களை ஸ்காட்டிடம் காட்டியது ஓபானன்தான்). தயாரிப்பாளர்கள் வால்டர் ஹில்லும் டேவிட் கைலரும் திரைக்கதையைத் திருத்தி எழுதியதும், கடைசியில் எழுத்தாளர் சங்கம் திரைக்கதைக்கான பெயரை ஓபானனுக்கு மட்டும் கொடுத்ததும் பெரிய கதை. ஆனால் எழுதத் தொடங்கி நடுவில் முட்டி நின்றிருந்த மனிதருக்குப் படுக்க இடமும் கொடுத்து, அந்தப் பிராணி மனித உடம்புக்குள் கருவாகப் புகுந்து விண்கப்பலேறட்டும் என்ற யோசனையையும் கொடுத்தவர் ஷூசெட். சாப்பாட்டு மேசையில் நெஞ்சைப் பிளந்துகொண்டு வருமே, அந்தக் காட்சியில் ஓபானனின் சொந்த வயிற்று வலி இருக்கிறது என்று அவர் மனைவி டயான் சொல்லியிருக்கிறார். மற்றவர்களுக்கு அது கற்பனை. உள்ளே ஏதோ ஒன்று கடித்துக்கொண்டு வெளியே வரப் பார்க்கிறது என்று டாக்டரிடம் சொல்லத் தெரியாமல் நான் விழித்திருக்கிறேன், எனக்கு அது ஸ்கேன் ரிப்போர்ட் மாதிரி.

ஓபானனும் ஷூசெட்டும் சேர்ந்து பேசிவைத்திருந்த இன்னொரு கதை, 'டோட்டல் ரீகால்', 1990 வரை இழுத்துக்கொண்டு போய்த்தான் திரைக்கு வந்தது. நடுவில் 1985இல் 'தி ரிட்டர்ன் ஆஃப் தி லிவிங் டெட்' படத்தை ஓபானனே எழுதி இயக்கினார். இன்றைக்குக் குழந்தைகூடக் கையை நீட்டிக்கொண்டு "மூளை, மூளை" என்று ஜாம்பி மாதிரி நடந்து காட்டுகிறதென்றால் அது இந்தப் படம் ஆரம்பித்து வைத்தது. 2009 டிசம்பர் 17 அன்று, 63 வயதில், க்ரோன்ஸ்தான் அவரைக் கொண்டுபோனது. மருந்துகள் அப்போதைக்கு இப்போது எவ்வளவோ மேல், பயப்படாதே என்கிறார் என் டாக்டர். சரி, பயப்படவில்லை.

அண்ணா, அண்ணி, உங்களுக்கு என்ன திருப்பித் தருவது என்று தெரியவில்லை. கேட்டால் திட்டுவீர்கள். தொடரை முடிக்கிறேன், அதில் ஷூசெட்டுக்குத் தனி அத்தியாயம் உண்டு, முன்பு போட்டிருந்த திட்டத்தில் அவருக்கு ஒரு பத்திதான். ஆறு வருடமாக 'எழுதுகிறேன், எழுதுகிறேன்' என்று உங்களையெல்லாம் ஏமாற்றிவரும் என் பேய்க்கதைத் திரைக்கதையும் முடியும், முதல் பிரதி உங்களுக்குத்தான்.

டிசம்பர் 17 அன்று அவர்கள் வீட்டிலேயே மூன்று பேரும் 'ஏலியன்' பார்ப்பதாகப் பேசிவைத்திருக்கிறோம். சாப்பாட்டு மேசைக் காட்சி வரும்போது எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன் என்று அண்ணி இப்போதே சொல்லிவிட்டார்.