தட்டுக்குப் பக்கத்தில் போன் வேண்டாம்: மழலையர் வகுப்புப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டிகளுக்கும்,

வணக்கம். மழலையர் வகுப்பு தொடங்கி இரண்டு மாதம் ஆகிவிட்டது. காலை அழுகை ஓய்ந்து, பையை எங்கே மாட்டுவது, செருப்பை எங்கே விடுவது என்பதெல்லாம் பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது. ஆனால் மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் நான் தினமும் பார்க்கிற ஒரு காட்சியைப் பற்றி உங்களிடம் பேசாமல் இருக்க முடியவில்லை.

சில பிள்ளைகள் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறார்கள். கை டப்பாவுக்குள் போவதே இல்லை. போன வாரம் அப்படி இருந்த ஒரு குழந்தையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பசி முகத்தில் தெரிந்தது. "சாப்பிடுப்பா" என்றேன். வாயை மட்டும் திறந்தது. பார்வை எதிர்ச்சுவரில் இருந்தது. ஆசிரியை ஒரு வாய் ஊட்டினார். மென்று விழுங்கிவிட்டு மறுபடி வாயைத் திறந்தது. என்ன சாப்பிடுகிறோம் என்று ஒரு தடவைகூட டப்பாவைக் குனிந்து பார்க்கவில்லை. சாயங்காலம் கூட்டிப்போக வந்த பாட்டியிடம் கேட்டேன். "வீட்ல போனை முன்னாடி வெச்சாத்தான் டீச்சர் வாயே திறப்பான். இல்லைன்னா ஒரு வாய் இறங்காது" என்றார். அந்தக் குரலில் இருந்த களைப்பு எனக்குப் புரிந்தது.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. இரண்டு வயதுப் பிள்ளையின் பின்னால் நாள் முழுக்க ஓடுவது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். அடுப்பில் வேலை இருக்கும், அலுவலகத்திலிருந்து அழைப்பு வரும், வீட்டில் வேறு ஆள் இருக்காது. அந்த நேரத்தில் போன் இருபது நிமிடம் கை கொடுக்கிறது. என் பேரக்குழந்தைக்குக் காய்ச்சல் வந்த ஓர் இரவில் நானும் போனைத்தான் எடுத்துக் கொடுத்தேன். ஒரு நாள் கொடுப்பதால் எந்தப் பிள்ளையும் கெட்டுப்போகாது. தினமும் அதே வேளையில், அதே காரணத்துக்காகக் கொடுப்பதுதான் எனக்குக் கவலை.

"எத்தனை நிமிடம் கொடுக்கலாம்?" என்றுதான் எல்லாரும் கேட்கிறீர்கள். உலக சுகாதார அமைப்பு 2019-இல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்காக ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. இரண்டு வயது நிறையும்வரை உட்கார்ந்து திரை பார்ப்பதே வேண்டாம், இரண்டு வயதிலிருந்து நான்கு வயது முடியும்வரை ஒரு நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அதற்கும் குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்கிறது அது. டிவி, போன், டேப்லெட் எல்லாம் சேர்த்துத்தான் இந்த ஒரு மணி நேரம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முப்பது வருடம் சின்னப் பிள்ளைகளோடு இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: கடிகாரத்தைப் பார்ப்பதற்கு முன்னால், எந்த வேளையில் போன் கைக்கு வருகிறது என்று பாருங்கள். சாப்பிடும்போது, தூங்கப்போகும்போது, அழும்போது. இந்த மூன்று வேளைகளிலும் போன் வந்தால், அது பத்து நிமிடமாக இருந்தாலும் நான் கவலைப்படுவேன்.

முதலில் சாப்பாடு. ஒரு வாய் சாப்பாட்டில் ஒரு பிள்ளை எத்தனை கற்றுக்கொள்கிறது என்று யோசித்துப் பாருங்கள். விரலால் எடுத்து, சிந்தாமல் வாய்வரை கொண்டுபோகிறது. சூடு, உறைப்பு, புளிப்பு தெரிகிறது. வயிறு நிறைந்தால் 'போதும்' என்று சொல்லத் தெரிகிறது. கண் திரையில் இருந்தால், வயிறு சொல்வது அதன் காதில் விழுவதில்லை. நிறைந்த பிறகும் வாய் திறக்கும். பசித்தாலும் போன் இல்லாமல் திறக்காது. இதையெல்லாம் விடப் பெரிய இழப்பு பேச்சு. ஊட்டும் கையும் உண்ணும் வாயும் எதிரெதிரே இருக்கிற அந்தக் கால் மணி நேரத்தில்தான் பிள்ளை நம் முகத்தைப் பார்க்கிறது, நாம் சொல்கிற வார்த்தையைப் பிடித்துக்கொள்கிறது.

"ரைம்ஸ் பார்த்துத்தானே டீச்சர் இவ்வளவு வார்த்தை கத்துக்கிட்டா" என்று ஒரு அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்ல எனக்கு மிகவும் பிடித்த ஓர் ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவில் பாட்ரீசியா கூல் என்ற ஆய்வாளரின் குழு 2003-இல் வெளியிட்டது. ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளரும் ஒன்பது மாதக் குழந்தைகளோடு, சீன மொழி பேசுகிறவர்கள் பன்னிரண்டு முறை நேரில் உட்கார்ந்து விளையாடினார்கள், புத்தகம் படித்துக் காட்டினார்கள். அந்தக் குழந்தைகள் சீன மொழி ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. வேறு சில குழந்தைகளுக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, டிவியில் காட்டப்பட்டது. அவை எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

ஏன் என்று யோசித்தால் நமக்கே புரியும். நாம் பேசும்போது பிள்ளையின் கண் போகும் இடத்துக்கு நம் கண்ணும் போகிறது. அது 'ம்' என்றால் நாம் நிறுத்துகிறோம், சிரித்தால் இன்னொரு முறை சொல்கிறோம். வீடியோ யாருக்காகவும் காத்திருப்பதில்லை. எங்கள் வகுப்பில் ஒரு குழந்தை பத்து நிறங்களின் பெயரை ஆங்கிலத்தில் தட்டாமல் சொல்லும். ஆனால் தாகம் எடுத்தால் 'தண்ணி வேணும்' என்று சொல்லாமல் ஆசிரியையின் கையைப் பிடித்துப் பாட்டில் இருக்கும் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். நிறங்களின் பெயர் அதற்கு ஒரு பாட்டாக மனப்பாடம் ஆகியிருக்கிறது. தன் தேவையைச் சொல்லும் கருவியாகப் பேச்சு இன்னும் ஆகவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இரண்டு வயது தாண்டியும் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசாத பிள்ளை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை என்றால் 'போன் பார்த்துத்தான் இப்படி' என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். காது கேட்பதில் குறை இருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம். குழந்தை மருத்துவரிடம் காட்டி, காதையும் பரிசோதித்துவிடுங்கள். போனை நிறுத்திவிட்டு ஆறு மாதம் பார்ப்போம் என்று காத்திருந்தால் அந்த ஆறு மாதம் வீணாகும்.

வெளியூரில் இருக்கும் அப்பாவோடும் தாத்தாவோடும் வீடியோ காலில் பேசுவதைத் திரை நேரக் கணக்கில் சேர்க்காதீர்கள். அங்கே எதிரில் இருப்பவர் பதில் சொல்கிறார், காத்திருக்கிறார். இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகள் பதிவு செய்த வீடியோவிலிருந்து கற்காத புதுச் சொல்லை வீடியோ காலில் கற்றுக்கொண்டதை 2014-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது.

தூக்கத்துக்கு வருகிறேன். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேண்டும். இருட்டினால் உடம்பில் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரந்து தூக்கத்தைக் கூட்டி வரும். கண்ணில் வெளிச்சம் பட்டால் அந்தச் சுரப்பு தள்ளிப்போகும். சின்னப் பிள்ளைகளின் கண் பெரியவர்களின் கண்ணைவிட அதிக வெளிச்சத்தை உள்ளே விடும். அதனால் படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே திரையை அணைத்துவிடுங்கள். போனைப் படுக்கையறையில் சார்ஜ் போடாதீர்கள்.

அழுகைதான் கடினமான இடம். பொம்மை உடைந்ததற்கு அழுகிற பிள்ளையின் கையில் போனைக் கொடுத்தால் அழுகை சட்டென்று நிற்கும். ஆனால் அந்த ஆத்திரம் எப்படி வந்தது, எப்படித் தணிந்தது என்று பிள்ளைக்குத் தெரியாமலே போய்விடும். மடியில் போட்டு, 'உடைஞ்சு போச்சா, கோவமா இருக்கா' என்று சொல்லிக்கொண்டு அழ விடுவதற்கு ஐந்து நிமிடம் ஆகும். அடுத்த முறை நான்கு நிமிடம் ஆகும். வகுப்பில் பென்சிலைப் பிடுங்கியவனை அடிக்காமல் 'அது என்னோடது' என்று சொல்கிற பிள்ளை, வீட்டில் இப்படி அழுது தணிந்து பழகிய பிள்ளைதான்.

போனைத் திரும்ப வாங்கும்போது வருகிற அழுகை வேறு. 'இன்னும் ரெண்டு நிமிஷம்தான்' என்று முன்கூட்டியே எச்சரித்தால் சுலபமாக இருக்கும் என்று நானும் நம்பியிருந்தேன். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அலெக்சிஸ் ஹினிக்கரும் குழுவினரும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில் தெரியவந்தது நேர்மாறானது: அந்த இரண்டு நிமிட எச்சரிக்கை கொடுத்தபோது பிள்ளைகள் இன்னும் அதிகமாக முரண்டு பிடித்தார்கள். ஒரு கதை தானாக முடிகிற இடத்தில், அல்லது தினமும் பழகிய வேளையில் அணைத்தபோது அமைதியாக விட்டார்கள். இரண்டு நிமிடம் என்றால் என்னவென்று மூன்று வயதுக்கு எங்கே தெரியும்? ஆகவே அடுத்த வீடியோ தானாக ஓடும் வசதியை முதலில் நிறுத்திவையுங்கள். கையளவு போனைவிடக் கூடத்து டிவியில், பக்கத்தில் நீங்களும் உட்கார்ந்து, ஒரே ஒரு கதை பாருங்கள். முடிந்ததும் அணைக்கும் பொத்தானைப் பிள்ளையே அழுத்தட்டும்.

யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கும் டிவியும் கணக்கில் சேரும். அந்தச் சத்தத்தில் பிள்ளை ஒரு விளையாட்டில் நிலைப்பதில்லை. நாமும் பிள்ளையோடு பேசுவது குறைந்துவிடுகிறது.

'போனை எடுத்துவிட்டால் பிறகு என்ன கொடுப்பது?' என்பீர்கள். எதுவும் வாங்க வேண்டாம். துணி மடிக்கும்போது காலுறைகளைக் குவித்துக் கொடுத்து ஜோடி சேர்க்கச் சொல்லுங்கள். நான்கைந்து டப்பாக்களையும் மூடிகளையும் கலைத்துப் போடுங்கள்; எது எதற்குப் பொருந்தும் என்று அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்கும். வெளியே ஓட விடுங்கள். இந்த வயதுக்கு ஒரு நாளில் மூன்று மணி நேரமாவது உடம்பு அசைய வேண்டும் என்பதும் அதே 2019 வழிகாட்டுதலில் இருக்கிறது. சில நேரம் எதுவும் கொடுக்காதீர்கள். 'போர் அடிக்குது' என்று சிணுங்கி முடித்த பிறகுதான் நாற்காலி பேருந்தாகும்.

இன்னொன்று, மனதில் பட்டதால் சொல்கிறேன். பள்ளி விடும் நேரத்தில் ஒரு பெண் குழந்தை தான் வரைந்த படத்தை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி ஓடியது. அழைக்க வந்தவர் போனில் பேசிக்கொண்டே வண்டியைத் திருப்பினார். கை மெல்ல இறங்கி, படம் மடிந்து பைக்குள் போனது. அவருக்கும் என்ன அவசரமோ. ஆனாலும் வாசலில் அந்த இரண்டு நிமிடம் மட்டும் போன் பையில் இருக்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பள்ளியும் தன் பங்கைச் செய்கிறது. மழலையர் வகுப்பில் கடைசிப் பாடவேளையில் பெரிய திரையில் பாட்டு ஓடவிடும் வழக்கத்தை இந்த மாதம் முதல் நிறுத்திவிட்டோம். இனி ஆசிரியைகளே பாடுவார்கள். மாலை ஆறு மணிக்குப் பிறகு வாட்ஸ்அப் குழுவில் எந்தச் செய்தியும் வராது. வீடியோ பார்த்துச் செய்யும் வீட்டுப்பாடமும் இருக்காது.

உங்களிடம் நான் கேட்பது இப்போதைக்கு ஒன்றுதான். வரும் திங்கட்கிழமை தொடங்கி இரண்டு வாரம், சாப்பாட்டு வேளையில் மட்டும் போன் வேண்டாம். வீட்டில் எல்லாரும் ஒரே முடிவில் இருங்கள். ஒருவர் மறுத்து இன்னொருவர் கொடுத்தால் பிள்ளை இன்னும் பலமாக அழும். முதல் மூன்று நான்கு நாள் குறைவாகத்தான் சாப்பிடும். வற்புறுத்தாமல் தட்டை எடுத்துவிட்டு, அடுத்த வேளையில் மறுபடி வையுங்கள். எடை குறைவான பிள்ளை, உடம்புக்கு முடியாத பிள்ளை என்றால் மட்டும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். வகுப்பிலும் ஊட்டுவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, தானே எடுத்துச் சாப்பிடப் பழக்குவோம். யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று வகுப்பாசிரியை உங்களுக்குத் தினமும் சொல்வார்.

இரண்டு வாரம் முடிந்த சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பெற்றோர் கூட்டம். பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற தாத்தா பாட்டியையும் அவசியம் அழைத்து வாருங்கள். எது நடந்தது, எது நடக்கவில்லை என்று அவர்கள் வாயால் கேட்க வேண்டும். அதற்குள் ஏதாவது சிரமம் என்றால் தினமும் மாலை 3 முதல் 4 மணிவரை என் அறையில்தான் இருப்பேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்