இஷ்டப்பட்டு வந்தால் சுரண்டல் இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொலுசுத் தொழிலாளர் கூலி பற்றி சென்ற இதழில் ஒரு வாசகர், "யாரும் கையைப் பிடித்து இழுத்து வரவில்லை. இஷ்டப்பட்டுத்தான் செய்கிறார்கள், அவர்களுக்கும் நாலு காசு கிடைக்கிறது. இதில் சுரண்டல் எங்கே வந்தது?" என்று கேட்டிருந்தார். சேலம் சிவதாபுரத்தில் குடியிருப்பவன் என்பதால் பதில் எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் பல வீடுகளில் இந்த வேலைதான். கொலுசுக் கண்ணிகளைக் கோத்து, ஒட்டுப் பொடி வைத்து, நெருப்பில் சூடாக்கி ஒட்டவைக்கிறவர்களில் பெண்களே அதிகம். பக்கத்து வீட்டு அம்மா மகள் கல்யாணத்துக்காக, வேலை கொடுக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கினார். அன்றிலிருந்து வேறு பட்டறையில் கூலி கூட்டிக் கொடுத்தாலும் போக முடியவில்லை. வாங்கியதை மொத்தமாக வைத்துவிட்டுத்தான் நகரவேண்டும். வேலை இல்லாத வாரங்களில் அந்தக் கடன் இன்னும் ஏறுகிறது. கூலி இவ்வளவுதான் என்று வியாபாரி சொன்னால் அவர் தலையாட்டுகிறார். வேறு என்ன செய்வார்?

முன்பணத்துக்கு ஈடாக, வேறிடத்தில் வேலை பார்க்கும் சுதந்திரத்தை ஒருவர் இழந்தால் அது கொத்தடிமை முறை என்கிறது 1976-ஆம் ஆண்டுச் சட்டம். அடி உதை, பூட்டிய கதவு எதுவும் வேண்டியதில்லை. 1982-ல் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. பசியும் வறுமையும் துரத்தி ஒருவர் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே உழைத்தால், அதுவும் அரசியலமைப்பின் 23-வது பிரிவு தடை செய்த கட்டாய உழைப்புதான் என்றது.

வாசகரின் வாதத்தில் ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது. வேலையே கொடுக்காத என்னை யாரும் குறை சொல்வதில்லை, வேலை கொடுத்த வியாபாரியை மட்டும் ஏன் சொல்கிறோம்? என் மேலும் தப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த அம்மாவுக்குப் போக்கிடம் இல்லை என்று தெரிந்து அதை வைத்தே விலை பேசுவது வேறு தப்பு. இருவருக்கும் லாபம் இருக்கலாம். பங்கு பிரிப்பது ஒருவர் மட்டும் என்றால் அது நியாயமாகாது. சட்டத்தின் முன் இருவரும் சமம்தான், பேரம் பேச உட்காரும்போது அந்தச் சமத்துவத்தைக் காணோம்.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடைகள் கூலி விகிதத்தை எழுதி ஒட்டட்டும். முன்பணத்தை அடைக்க கூட்டுறவு வங்கிகள் இந்தப் பெண்களுக்குக் குறைந்த வட்டியில் கடன் கொடுக்கட்டும். தொழிலாளர் துறை அதிகாரிகள் பட்டறைகளோடு நிற்காமல் வீடுகளுக்கும் வந்து முன்பணக் கணக்கைக் கேட்கவேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சிவதாபுரம், சேலம்