நாய்க்கு டிக்கெட் வாங்கிவிட்டால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாயோடு ரயிலில் ஐரோப்பா சுற்றுவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். நாய் வளர்ப்பவர்களை யாரோ ஒருவர் நினைத்துப் பார்த்தாரே என்று சந்தோஷமாகவும் இருந்தது. ஆனால் அதில் வந்த ஒரு வரி மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது: "நாய்க்கும் ஒரு டிக்கெட் வாங்கினால் போதும், ரோமிலிருந்து லண்டன் வரை போகலாம்." இதில் 'போதும்' என்பதும் தவறு, 'லண்டன்' என்பதும் தவறு. முதல் தவறுக்கு நானே விலை கொடுத்திருக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் மியூனிக்கில் இருக்கிறேன். என் நாயின் பெயர் சுக்கு. நிறம் அப்படி. நாய்கள் காப்பகத்திலிருந்து எடுத்து வந்தவள், 22 கிலோ. கூடவே நீல அட்டை போட்ட ஐரோப்பிய ஒன்றியப் பாஸ்போர்ட்டும் கொடுத்தார்கள். அவளுடைய மைக்ரோசிப் எண், வெறிநோய்த் தடுப்பூசி போட்ட தேதி, எந்த நாள் வரை செல்லும் என்ற தேதி, மருத்துவரின் கையெழுத்து எல்லாம் அதில் இருக்கும். இரண்டு வருடங்களுக்கு முன் இத்தாலியின் வெரோனாவில் இருக்கும் என் தங்கை வீட்டுக்கு இவளை ரயிலில் கூட்டிப்போக முடிவு செய்தேன். எனக்கு முழு டிக்கெட், சுக்குவுக்கு அரை டிக்கெட். மலிவு விலையில் வாங்கியதால் பணம் திரும்பக் கிடைக்காது. ஊசிக்குத் தேதி நெருங்கியபோது எனக்குக் காய்ச்சல். சரி, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, கெடு முடிந்து நான்காம் நாள் போய்ப் போட்டுவிட்டு வந்தேன்.

மருத்துவர் புதுத் தேதியை எழுதிக்கொண்டே, "எங்கேயும் பயணம் இல்லையே?" என்று கேட்டார். வருகிற சனிக்கிழமை இத்தாலி என்றேன். பேனாவை வைத்துவிட்டார்.

விஷயம் இதுதான். கெடுவுக்குள் போட்டால் அது தொடர் ஊசி, அன்றைக்கே ரயில் ஏறலாம். ஒரு நாள் தாண்டினாலும் சட்டத்தின் கண்ணில் அது முதல் ஊசி. முதல் ஊசி என்றால் 21 நாள் கழித்துத்தான் எல்லையைத் தாண்டலாம். குட்டியாக இருந்தால் 12 வாரம் நிறைந்த பிறகுதான் ஊசியே போடுவார்கள், அதன் மேல் இந்த 21 நாள். இன்னொன்று, மைக்ரோசிப் முதலில், ஊசி பிறகு. முறை மாறினால் போட்ட ஊசி கணக்கில் வராது. எனக்கு நான்கு நாள் சோம்பேறித்தனத்தில் இரண்டு டிக்கெட் போயிற்று. "யார் பார்க்கப் போகிறார்கள், பேசாமல் போ" என்று சொல்லாத நண்பர்களே இல்லை. பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை என்பதும் உண்மைதான். ஆனால் அகப்பட்டால் நாயைத் திருப்பி அனுப்பலாம், தனிமைப்படுத்தி வைக்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் கருணைக்கொலைகூடச் செய்யலாம் என்று விதியில் இருக்கிறது. அதைப் படித்த பிறகு எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அந்த 21 நாளும் வீணாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கட்டுரையில் வாய்க்கூடு, அதாவது கடிக்காமலிருக்க நாயின் வாயில் மாட்டும் கூடு, பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலி மூன்றிலும் கையில் தூக்கிப்போகும் பெட்டிக்குள் அடங்காத நாய்க்குக் கயிறும் வாய்க்கூடும் வேண்டும். (ஜெர்மன் மொழியிலும் இதற்கு 'வாய்க்கூடை' என்றுதான் பெயர். முதல் முறை கேட்டபோது சிரித்துவிட்டேன்.) நான் முதலில் வாங்கியது துணியில் தைத்தது, வாயை இறுக்கிப் பிடிக்கும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். அதன் வாயைக் கட்டி மணிக்கணக்கில் உட்காரவைப்பது கொடுமை. மருத்துவர் சொல்லி, கம்பிக்கூண்டு மாதிரியானதை மாற்றி வாங்கினேன். அதற்குள் வாயைத் திறக்கலாம், தண்ணீரும் குடிக்கலாம்.

அதைப் பார்த்ததுமே சுக்கு சோபாவுக்கு அடியில் போய்விட்டாள். முதல் வாரம் கூட்டின் உள்பக்கம் வேர்க்கடலை வெண்ணெயைத் தடவித் தரையில் வைத்துவிடுவேன். தானாக மூக்கை நுழைத்து நக்கிவிட்டுப் போவாள். இரண்டாம் வாரம் பட்டையைப் பத்து எண்ணும் வரை மாட்டுவது, கழற்றுவது. மூன்றாம் வாரம் அதைப் போட்டுக்கொண்டு நகர ரயிலில் இரண்டு நிறுத்தம். கடைசியில் கூட்டை எடுத்தாலே வாலை ஆட்டினாள், வெளியே போகிறோம் என்று. பயணத்துக்கு முந்தின நாள் கடைக்குப் போய் வாங்கி மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

சிறிய நாய் என்றால் பெட்டியோ பையோ போதும், பல நாடுகளில் இலவசம். ஆனால் 'சிறிய' என்பதற்கு ஊருக்கு ஒரு அளவு. பிரான்ஸில் வெகுகாலம் எடை பார்த்தார்கள், 6 கிலோ. சுவிட்சர்லாந்தில் உயரம், தோள்பட்டை வரை 30 சென்டிமீட்டர். ஜெர்மனியில் வீட்டுப் பூனை அளவு! எந்த வீட்டுப் பூனை என்று கேட்கக் கூடாது.

பிறகு ஒருவழியாகக் கிளம்பினோம். மியூனிக்கிலிருந்து வெரோனா வரை ரயில் மாற வேண்டாம், ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம். அவ்வளவு நேரம் சுக்கு அடக்கிக்கொள்வாள்தான். ஆனால் புல்லைத் தவிர வேறு எதன் மேலும் அவளுக்கு வராது. எங்கேயாவது தாமதமானால் என்ன செய்வது? ஆஸ்திரியா-இத்தாலி எல்லையில் இருக்கும் பிரென்னர் கணவாய் நிலையத்தில் ரயில் கொஞ்ச நேரம் நிற்கும் என்று பார்த்தால், அங்கே நடைமேடை முழுக்கக் கான்கிரீட். அதனால் முன்பதிவு செய்யும்போதே ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் இரண்டு மணி நேரம் இறங்கி ஏறுவதாகச் சேர்த்துக்கொண்டேன். மலிவு டிக்கெட்டிலும் இதற்கு வழி இருக்கிறது. இறங்கி 'இன்' என்ற ஆற்றின் கரை வரை நடந்தோம். புல்லைப் பார்த்ததும் அவள் முகத்தில் வந்த நிம்மதி இருக்கிறதே!

மற்றபடி பயணம் சாதாரணம். கயிற்றை என் காலடியில் போட்டு மிதித்துக்கொண்டேன், அவள் மேசைக்கு அடியில் தூங்கினாள். நாயோடு ரயிலின் உணவகப் பெட்டிக்குப் போக முடியாது. நாயைப் பார்த்துக்கொள்ளத் துணைக்கு ஆள் இல்லாவிட்டால், காப்பியை வீட்டிலிருந்தே கையோடு கொண்டுபோய்விட வேண்டியதுதான். திரும்பும்போது ஜெர்மனிக்குள் நுழைந்ததும் ரோஸன்ஹைம் பக்கத்தில் போலீசார் ஏறிப் பாஸ்போர்ட் கேட்டார்கள். நான் இரண்டையும் நீட்டினேன். அவர்களில் ஒருவர் என்னுடையதைப் பிரித்து நிதானமாகப் பார்த்தார். சுக்குவுடையதை மேலட்டை பார்த்தே திருப்பிக் கொடுத்துவிட்டார். 21 நாள் காத்திருந்த எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள். "உள்ளேயும் பாருங்கள் ஐயா" என்று சொல்ல நினைத்து அடக்கிக்கொண்டேன்.

இனி லண்டன். லண்டன் போகும் யூரோஸ்டார் ரயிலில் மாற்றுத்திறனாளிகளுக்கு உதவப் பழக்கிய நாய்களைத் தவிர வேறு எந்த நாயையும் ஏற்ற மாட்டார்கள். பையில் வைத்தாலும் இல்லை. ரயிலை விட மனமில்லாதவர்கள் நெதர்லாந்தின் ஹூக் ஆஃப் ஹாலந்து வரை ரயிலில் போய், அங்கே கப்பலில் நாய்க்கு அனுமதி உள்ள அறை எடுத்து, இங்கிலாந்தின் ஹார்விச்சில் இறங்கி மறுபடி ரயில் ஏறுகிறார்கள். அதற்கும் ஒரு கெடு உண்டு. பிரிட்டனுக்குள் நுழைவதற்கு 24 மணி நேரத்துக்குக் குறையாமல், 120 மணி நேரத்துக்கு மேற்படாமல் மருத்துவர் நாடாப்புழு மருந்து கொடுத்துப் பாஸ்போர்ட்டில் நேரத்தோடு எழுத வேண்டும். 2000-ஆம் ஆண்டு பிப்ரவரிக்கு முன் வெளிநாட்டு நாய்க்கு அங்கே ஆறு மாதம் தனிமை என்பதால், இதுவே பெரிய சலுகை என்பார்கள் பழைய ஆட்கள். அங்கிருந்து இந்தப் பக்கம் வருகிறவர்கள் பாடு வேறு. பிரிட்டனில் கொடுத்த நாய்ப் பாஸ்போர்ட் 2021 ஜனவரி 1 முதல் இங்கே செல்லாது. ஒவ்வொரு பயணத்துக்கும் தனியாகச் சுகாதாரச் சான்றிதழ் வாங்க வேண்டும்.

இந்தியாவிலிருந்து நாயைக் கூட்டி வந்து இங்கே ரயிலில் சுற்றலாம் என்று நினைப்பவர்களும் உங்கள் வாசகர்களில் இருப்பார்கள். அவர்களுக்கு 21 நாள் இல்லை. ஊசி போட்டு 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்தில் எதிர்ப்புச்சக்தி மில்லிலிட்டருக்கு 0.5 அலகாவது இருப்பதாகச் சான்று வாங்கி, ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். டிக்கெட் பார்ப்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

தயவுசெய்து அந்த லண்டன் வரிக்காவது அடுத்த ஞாயிறு ஒரு திருத்தம் போடுங்கள். உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு என் தோழி ஒருத்தி பாரிஸிலிருந்து லண்டனுக்கு யூரோஸ்டாரில் தனக்கு இடம் பிடித்துவிட்டு, நாய்க்கு எந்த இணையப் பக்கத்தில் பதிவு செய்வது என்று என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

தங்கள்,
நெடுநாள் வாசகி,
மியூனிக்